கோதுமைச் சீமையில் ஒரு குக்கிராமம்

கனடா தேசத்தின் நடுப்பகுதியில், சஸ்காச்செவான் மாகாணத்தில், ஹோல்ட்பாஸ்ட் என்று ஒரு கிராமம் இருக்கிறது. பெயரைத் தமிழாக்கினால் 'விடாதே, பிடி!' என்று வரும். மாகாணத் தலைநகரான ரெஜைனாவுக்கு வடமேற்கே ஐம்பது அறுபது மைல் தொலைவில், லாஸ்ட் மவுண்டன் என்னும் நீண்ட ஏரிக்கு மேற்கே, நாலு பக்கமும் அடிவானம் வரை வயலாகக் கிடக்கும் சமவெளியில் அது இருக்கிறது. ஜனத்தொகை முந்நூறுகூட இல்லை. உலகப் படத்தில் தேடினால் அகப்படாது.

ஊர் சின்னதுதான். ஆனால், நோயாளி மடியிலிருந்து காசு எடுக்காமலே டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம் என்ற இன்றைய கனடா ஏற்பாட்டின் வேரைத் தேடிக்கொண்டு போனால், அது இந்தக் கிராமத்து வாசலில் வந்து நிற்கும். அந்தக் கதையைப் பின்னால் சொல்லுகிறோம். இவ்வூரையும் இதைப் போன்ற நூற்றுக்கணக்கான ஊர்களையும் பற்றி இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம் ஒரு சர்க்கார் அறிவிப்பு.

2025 செப்டம்பர் 25-ந் தேதியன்று ஒட்டாவா சர்க்கார் தபால் நிறுவனத்தைச் சீரமைப்பதற்கான முடிவுகளை வெளியிட்டது. இன்னும் 40 லட்சம் விலாசங்களுக்கு வீட்டு வாசலில் கடிதம் கொடுப்பதை நிறுத்திப் பொதுப் பெட்டியில் போடுவது என்பது ஒன்று. கிராமத் தபாலாபீசுகளை மூடக்கூடாது என்று 1994 முதல் இருந்துவந்த தடையை நீக்குவது என்பது மற்றொன்று. அந்தத் தடையின் நிழலில் இருந்தவை ஏறக்குறைய 4,000 ஆபீசுகள். தபால் நிறுவனம் நாளொன்றுக்குச் சுமார் 1 கோடி டாலர் நஷ்டத்தில் ஓடுகிறது என்று சர்க்கார் சொன்ன காரணம் பொய்யல்ல. கடிதம் எழுதுகிறவர்கள் எங்குமே குறைந்துவிட்டார்கள். 1994-ல் கிராமமாக இருந்த சில இடங்கள் இன்று பட்டணத்தின் புறநகர்களாகிவிட்டன என்பதும் மெய்தான்.

ஆயினும், பிரெய்ரி எனப்படும் அந்தப் புல்வெளிச் சீமையில் நின்று கேட்கிறவன் காதில் இச்செய்தி வேறு விதமாக விழும். அங்கே பல ஊர்களை விட்டு ரயில் போயிற்று, தானியக் களஞ்சியம் போயிற்று, பாங்கும் பள்ளிக்கூடமும் போயின, பஸ்ஸும் போயிற்று. தேசத்தின் பெயர் எழுதிய கதவு ஒன்றுதான் மிச்சம். அது தபாலாபீஸ்.

குதிரை போட்ட கணக்கு

இந்தச் சீமை ஆளில்லாத வெளியாக இருந்ததென்று சொல்வது சரித்திரமல்ல. கிரீ, ஸோல்டோ, அஸினிபோயின் மக்கள் காட்டெருமை மந்தைகளை நம்பி வாழ்ந்த பூமி இது. 1874-ல் பிரிட்டிஷ் மகாராணியின் பேரால் நாலாவது உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அடுத்த பத்து வருஷத்துக்குள் காட்டெருமை அடியோடு அழிந்தது. ரெஜைனா நகரத்துக்கே 1882 வரை 'எலும்புக் குவியல்' என்றுதான் பெயர். மந்தைகள் போன பின் மண்ணில் கிடந்த எலும்பே ஊர்ப் பெயரானது.

நிலம் சதுரங்கப் பலகைபோல அளக்கப்பட்டது. 6 மைலுக்கு 6 மைல் ஒரு கட்டம். ஒன்பது கட்டம் சேர்ந்தால், அதாவது 18 மைலுக்கு 18 மைல் என்றால், ஒரு கிராமாந்தர முனிசிபாலிட்டி. 1872-ம் வருஷத்துச் சட்டப்படி 10 டாலர் கட்டணம் கட்டியவனுக்கு 160 ஏக்கர். மூன்று வருஷம் குடியிருந்து, ஒரு பகுதியை உழுது, வீடும் கட்டிவிட்டால் நிலம் அவனுக்கே சொந்தம். இங்கிலாந்துக்காரன், ஸ்காட்லாந்துக்காரன், ஜெர்மன் பேசுகிறவன், உக்ரேனியன், நார்வேக்காரன் எல்லாரும் வந்தார்கள். மரமே இல்லாத வெளியில் புல்லோடு மண்ணை வெட்டியெடுத்து, அதையே செங்கல்லாக அடுக்கி வீடு கட்டினார்கள். தாக்குப்பிடிக்க முடியாமல் பாதியில் ஓடியவர்களும் ஏராளம்.

ரயில் பாதை போட்ட கம்பெனிகள் ஏழு மைலுக்கும் பத்து மைலுக்கும் ஒரு நிலையம் வைத்தன. ஏன் அந்தக் கணக்கு? கோதுமை ஏற்றிய வண்டியை இழுத்துக்கொண்டு ஒரு ஜோடிக் குதிரை காலையில் கிளம்பினால் பொழுது சாயும் முன் வீடு திரும்ப வேண்டும். அதற்குத் தோதான தூரம் அவ்வளவுதான். நிலையத்தை ஒட்டி 'எலிவேட்டர்' எழுந்தது. வண்டியிலிருந்து தானியத்தை மேலே தூக்கிச் சேமித்து, ரயில் பெட்டியில் கொட்டும் மரக் கோபுரம் அது. பல மைலுக்கு அப்பாலிருந்தே கண்ணுக்குத் தெரியும். 1930-களில் பிரெய்ரி மாகாணங்கள் மூன்றிலுமாக இத்தகைய கோபுரங்கள் 5,700-க்கு மேல் இருந்தன. கோபுரத்தைச் சுற்றி ஒரு கடை, ஒரு கொல்லன் பட்டறை, இரண்டு மாதா கோவில், ஒரு ஓட்டல். இப்படி முளைத்தவைதான் கிராமங்கள்.

அநேகமாக எந்த ஊரை எடுத்தாலும் அங்கே ஒரு சீனக்காரர் நடத்திய சாப்பாட்டுக் கடையும் இருக்கும். 1903 முதல் தலைக்கு 500 டாலர் வரி கட்டிவிட்டு உள்ளே வந்தவர்கள் அவர்கள். 1923 முதல் 1947 வரை சட்டமே கதவை அடைத்தது. மனைவி மக்களை அழைத்துக்கொள்ள வழியில்லாமல், ஊர் முழுவதுக்கும் சமைத்துப் போட்டுவிட்டுத் தனியாகவே காலம் தள்ளியவர்கள் பலர். கிராமத்தின் ஒற்றுமையைப் பாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பாமல் போய்விடுவது வழக்கம்.

டாக்டர் போகாமல் தடுத்த வரி

1914-ல் மழை பொய்த்தது. தெற்குச் சஸ்காச்செவானில் விளைச்சல் இல்லை. ஹோல்ட்பாஸ்ட் கிராமம் அடங்கிய ஸார்னியா முனிசிபாலிட்டியில் டாக்டர் ஷ்மிட் என்பவர் வைத்தியம் பார்த்துவந்தார். கையில் காசில்லாத ஜனங்கள் டாக்டருக்கு என்னத்தைக் கொடுப்பார்கள்? அவர் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டிய நிலை. பனிக்காலத்தில் பிரசவ வலி கண்டால் அடுத்த டாக்டர் எத்தனை மைல் அப்பால் என்பதை ஒவ்வொரு வீட்டுக்காரனும் எண்ணிப் பார்த்திருப்பான்.

முனிசிபல் கவுன்சிலில் உட்கார்ந்திருந்தவர்களும் விவசாயிகள்தாம். ஒரு தீர்மானம் செய்தார்கள். வரிப் பணத்திலிருந்து டாக்டருக்கு வருஷம் 1,500 டாலர். அவர் இங்கேயே இருந்தால் போதும். இப்படிக் கொடுப்பதற்குச் சட்டத்தில் இடமே கிடையாது. முதலில் கொடுத்தார்கள், சட்டம் பின்னால் வந்தது. 1916-ல் மாகாணச் சட்டசபை முனிசிபாலிட்டிகளுக்கு அந்த அதிகாரத்தை வழங்கியது. பல முனிசிபாலிட்டிகள் சேர்ந்து பொது ஆஸ்பத்திரி கட்டிக்கொள்ளவும் அதே வருஷம் வழி செய்யப்பட்டது. 1940-களில் இப்படி டாக்டர் வைத்துக்கொண்ட முனிசிபாலிட்டிகள் நூற்றுக்கு மேல்.

ஏரியின் கிழக்குக் கரையில் மக்கிலாப் முனிசிபாலிட்டி. அங்கே மாட் ஆண்டர்சன் என்ற நார்வே நாட்டுக் குடியேறி தலைவராக இருந்தார். டாக்டர் மட்டும் போதாது, ஆஸ்பத்திரிச் செலவையும் வரியிலேயே சேர்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். 1939-ல் அதற்கும் சட்டம் வந்தது. 1944-ல் டாமி டக்ளஸ் மாகாண முதன் மந்திரியானார். 1946-ல் ஸ்விப்ட் கரண்ட் வட்டாரம் முழுவதற்கும் ஒரே மருத்துவத் திட்டம். 1947-ல் மாகாணம் முழுவதற்கும் ஆஸ்பத்திரிக் காப்பு. 1962 ஜூலை 1-ந் தேதி, அவருக்குப் பின் வந்த உட்ரோ லாயிட் காலத்தில், எல்லாருக்கும் டாக்டர். டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரெஜைனாவில் ஜூலை 11-ந் தேதி பிரமாதமான எதிர்ப்புக் கூட்டம் கூடும் என்று எதிர்பார்த்தார்கள். நாற்பதாயிரம் பேர் என்று பேச்சு. வந்ததோ நாலைந்தாயிரம். திட்டம் நிலைத்தது. பத்து வருஷத்துக்குள் தேசம் முழுவதும் பரவியது.

பெரிய தலைவர்களின் பெயரில் இந்தக் கதையைச் சொல்லுவதே வழக்கமாகிவிட்டது. 2004-ல் கனடா ரேடியோவும் டெலிவிஷனும் நடத்திய வாக்கெடுப்பில் 'மகத்தான கனடியர்' என்று டக்ளஸையே ஜனங்கள் தேர்ந்தெடுத்தார்கள். தகும். ஆனால் அவருக்கு முன்னால் முப்பது வருஷம் இதை ஒத்திகை பார்த்தவர்கள் உழவர்கள்.

கஷ்ட காலமும் களியாட்டமும்

1930-களில் வானமும் சந்தையும் ஒன்றாகக் கைவிட்டன. 1929-ல் ஒரு புஷல் கோதுமை ஒரு டாலருக்கு மேல் விற்றது. 1932-ல் 35 சென்ட் அளவுக்கு இறங்கிற்று. வறட்சியில் மேல்மண் புழுதியாகப் பறந்தது. பெட்ரோல் வாங்க வக்கில்லாமல் காரிலிருந்து எஞ்சினைக் கழற்றிவிட்டு, முன்னால் குதிரையைப் பூட்டினார்கள். அதற்குப் பிரதம மந்திரி பென்னட்டின் பெயரை வைத்து 'பென்னட் வண்டி' என்றார்கள். கிழக்குக் கடற்கரையிலிருந்து நிவாரணமாக உப்புக் கருவாடு வந்தது. கடலையே கண்டிராத ஜனங்கள் அதை எப்படிச் சமைப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். செருப்புக்கு அடிவைத்துத் தைக்கலாம் என்று கேலி பேசினார்கள். பசியிலும் கேலிக்குப் பஞ்சமில்லை.

இந்தச் சீமையின் சமூக வாழ்க்கை கூட்டாகச் செய்வதில்தான் உருவாயிற்று. 1908-ல் கிராமாந்தர டெலிபோன் சட்டம் வந்ததும் விவசாயிகள் தாங்களே கம்பெனி அமைத்துக் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். வேலி முள்கம்பியிலேயே பேச்சை ஓட்டியவர்களும் உண்டு. ஒரே கம்பியில் பத்து வீடு. ஒரு வீட்டுக்கு மணி அடித்தால் ஒன்பது வீட்டில் காது முளைக்கும். ரகசியம் என்று ஒன்று கிடையாது. ஆனால் தீப்பிடித்தாலும் பிள்ளை காணாமற் போனாலும் நிமிஷத்தில் ஊர் திரண்டுவிடும்.

பனிக்காலத்தில் கர்லிங் கொட்டகை. பனிக்கட்டித் தரையில் கனத்த கல்லைச் சறுக்கவிட்டு, துடைப்பத்தால் வழி தேய்த்துக்கொண்டு போகிற ஆட்டம். ஆண், பெண், கிழவர், பாதிரியார் எல்லாரும் ஆடலாம். இந்தக் கொட்டகைகளின் மண்ணிலிருந்து வந்த ரிச்சர்ட்சன் கோஷ்டிதான் 1959-ல் உலகக் கோப்பை வென்றது. பனி ஹாக்கி வீரர் கோர்டி ஹோ பிறந்த பிளோரல் என்ற இடமும் இதே மாகாணத்து எலிவேட்டர் ஊர்தான்.

அறுவடை முடிந்ததும் கோழி விருந்து. வீட்டுக்கு வீடு சமைத்துப் பொது மண்டபத்துக்குக் கொண்டுவருவார்கள். வான்கோழி இங்கிலாந்துக்காரி வீட்டிலிருந்து வரும். கோசுச் சுருளும் பெரோகி என்னும் மாவுக் கொழுக்கட்டையும் உக்ரேனியப் பெண்கள் கைவேலை. முந்திய தலைமுறையில் ஒருவரோடொருவர் பேசக்கூட யோசித்தவர்கள், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து பழகினார்கள். விருந்தில் சேரும் பணம் மண்டபத்தின் கூரைக்கோ கொட்டகையின் விளக்குக்கோ போகும். இன்றும் இலையுதிர் காலம் வந்துவிட்டால் ஊருக்கு ஊர் இது நடக்கிறது. 1980-ல் மாகாணத்தின் 75-வது ஆண்டு விழாவை ஒட்டி, எண்ணற்ற கிராமங்கள் தங்கள் சரித்திரத்தைத் தாங்களே எழுதித் தலையணைப் பருமனில் புத்தகம் போட்டன. எந்தக் குடும்பம் எந்த வருஷம் வந்தது, யார் பள்ளியில் யார் வாத்தியார் என்பதெல்லாம் அதில் உண்டு.

எலிவேட்டர்களையும் கம்பெனிகளிடமே விட்டுவைக்கவில்லை. 1923, 1924-ல் விவசாயிகள் கோதுமைக் கூட்டுறவு சங்கம் கண்டார்கள். அதன் முதல் எலிவேட்டர் 1925-ல் ஏரிக்கு அந்தப் பக்கம் புலியா கிராமத்தில் திறக்கப்பட்டது. ரெஜைனாவில் சொந்தமாக எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையே கட்டினார்கள், அதுவும் 1935-ல், கருவாடு தின்ற காலத்தில்!

ஒன்றன்பின் ஒன்றாக

பிறகு என்ன ஆயிற்று? முதல் குற்றவாளி லாரி. நல்ல ரோடு வேண்டும் என்று கேட்டதும் கிராமந்தான். ரோடு வந்தது, வாடிக்கைக்காரர்கள் அதே ரோட்டில் ஏறிப் பட்டணத்துக்குப் போனார்கள். டிராக்டர் பெரிதாயிற்று, 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குப் போதாமற் போயிற்று. 1936-ல் மாகாணத்தில் சுமார் 1,42,000 பண்ணைகள் இருந்தன. 2021 கணக்கெடுப்பில் 34,128. ஒரு பண்ணையாளர் நாலு பேர் நிலத்தை உழுதால், மற்ற மூன்று வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கமாட்டார்கள். இதில் சதி ஒன்றுமில்லை. ஏழு மைலுக்கு ஓர் ஊர் என்பது குதிரை போட்ட கணக்கு. குதிரையோடு அந்தக் கணக்கும் போயிற்று.

ஆனால் எல்லாவற்றையும் லாரியின் தலையில் கட்டிவிட முடியாது என்பது நமது அபிப்பிராயம். சில முடிவுகளுக்குத் தேதியும் கையெழுத்தும் இருக்கின்றன. 1897-ல் சர்க்காரும் கனடியன் பசிபிக் ரயில்வேயும் செய்துகொண்ட உடன்பாட்டினால் கோதுமைக்குக் குறைந்த ரயில் கட்டணம் ஏற்பட்டது. கடலுக்கு எட்டாத இந்தச் சீமை உலகச் சந்தையில் நிற்க முடிந்ததே அதனால்தான். 1983-ல் அது தளர்த்தப்பட்டது. 1995 ஆகஸ்டில் அடியோடு போயிற்று. கட்டணம் ஏறியதும் கிளைப் பாதைகளும் சிறு எலிவேட்டர்களும் வேகமாக விழுந்தன. அதற்கு முன்பே, 1977-ல், நீதிபதி எம்மெட் ஹால் கமிஷன் 2,000 மைலுக்கு மேல் கிளைப் பாதைகளைக் கைவிடலாம் என்று சிபாரிசு செய்திருந்தது. 1964-ல் தேசம் முழுவதற்கும் மருத்துவத் திட்டம் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தாரே, அதே ஹால்தான். இரண்டுக்கும் ஒரே மனிதர் கையெழுத்திட்டார் என்பது விசித்திரமாக இல்லையா?

விவசாயிகளின் சொந்தச் சங்கமும் தப்பவில்லை. 1996-ல் அதன் பங்குகள் டொராண்டோ சந்தைக்கு வந்தன. ராட்சதக் கான்கிரீட் களஞ்சியங்கள் கட்டக் கடன் வாங்கி, கடனில் மூழ்கி, பழைய மரக் கோபுரங்களை இடித்துத் தள்ளி, 2007-ல் வைட்டெர்ரா என்று பெயர் மாறிற்று. 2012-ல் கிளென்கோர் வாங்கியது. 2025 ஜூலையில் பங்கீ என்னும் பன்னாட்டுக் கம்பெனியோடு கலந்துவிட்டது. புலியாவில் தொடங்கிய கதை அங்கே போய் முடிந்தது. பட்டணத்துக்காரன் பறித்துக்கொண்டான் என்று சொல்ல வழியில்லை. பங்கை விற்றவர்களில் கடன்பட்ட விவசாயிகளும், ஓய்வு பெற்ற விவசாயிகளும் உண்டு.

1993-ல் மாகாண சர்க்கார், டக்ளஸ் கட்சியின் வாரிசான கட்சியே ஆண்ட காலத்தில், கடன் சுமை தாங்காமல் 52 கிராமப்புற ஆஸ்பத்திரிகளில் படுக்கைச் சிகிச்சையை நிறுத்தியது. இன்று எஞ்சியுள்ள சிற்றூர் ஆஸ்பத்திரிகளிலும் டாக்டரோ நர்ஸோ கிடைக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவைச் சில நாள் பூட்டிவைக்கிறார்கள். டாக்டருக்குச் செலவில்லை, ஆனால் டாக்டர் இல்லை. 1914-ல் ஸார்னியா கவுன்சில் தீர்க்கப் பார்த்த கஷ்டமும் இதுவேதான்.

நஷ்டம் எது?

இந்தச் சீமை இன்று ஏழ்மையில் வாடுவதாக நினைக்க வேண்டாம். நம் ஊர்க் கடைகளில் விற்கும் மைசூர்ப் பருப்பில் கணிசமான பங்கு கனடாவிலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதி சஸ்காச்செவான் விளைச்சல். 2017-ல் இந்திய சர்க்கார் பட்டாணிக்கும் பருப்புக்கும் இறக்குமதி வரி போட்டபோது அந்த வயல்களில்தான் கலக்கம் ஏற்பட்டது. வயல் விளைகிறது, பெரிய லாரிகள் ஓடுகின்றன, பண்ணையாளர் கையில் லட்சக்கணக்கான டாலர் இயந்திரம். வளம் குறையவில்லை. அந்த வளம் பக்கத்துக் கிராமத்தில் இறங்காமலே போய்விடுகிறது, அவ்வளவுதான்.

தூரம் என்பது அங்கே எந்தக் காலத்திலும் லாபம் தந்ததில்லை. குறைந்த ரயில் கட்டணம், முனிசிபல் டாக்டர், சர்க்கார் பஸ், தபாலாபீஸ் எல்லாமே தூரத்தின் செலவை அங்கு வசிக்கிறவன் ஒருவன் தலையில் மட்டும் சுமத்தாமல் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடுகள். ஆகவே 'தபாலாபீஸ் நஷ்டத்தில் ஓடுகிறது' என்று ஒட்டாவாவில் சொல்லும்போது கணக்கில் பிழையில்லை; கேள்வியில்தான் பிழை இருக்கிறது. லாபக் கணக்குப் பார்த்திருந்தால் 1914-ல் அந்த 1,500 டாலரே கொடுத்திருக்கமாட்டார்கள். எல்லா ஆபீசையும் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பட்டணத்தின் புறநகராகிவிட்ட இடத்தையும், அடுத்த ஆபீஸ் முப்பது மைல் அப்பால் உள்ள இடத்தையும் ஒரே உத்தரவில் கட்டுவது நியாயமாகாது. தடையை நீக்கியவர்கள், அதன் இடத்தில் தூரத்தை அளவாக வைத்து ஒரு விதி செய்தாக வேண்டும். மூடுவதானால் கடையிலோ முனிசிபல் ஆபீசிலோ அந்த ஜன்னலைத் திறந்துவைக்கும் செலவு யாருடையது என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பஸ் விஷயத்தில் அப்படி ஒன்றும் சொல்லப்படவில்லை. மாகாண சர்க்காரின் பஸ் நிறுவனம் 1946-ல் தொடங்கியது. 253 ஊர்களைத் தொட்டு ஓடிற்று. ஆட்களோடு பார்சல்களையும் கொண்டுபோயிற்று. நஷ்டம் என்று 2017 மார்ச்சு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்து, மே 31-ந் தேதி கடைசி வண்டியை ஓட்டிவிட்டு நிறுத்தினார்கள். கார் ஓட்ட முடியாத கிழவர்கள் அதற்குப் பிறகு ரெஜைனாவிலோ சஸ்கட்டூனிலோ புற்றுநோய் வைத்தியத்துக்குப் போக, மகனையோ பக்கத்து வீட்டுக்காரரையோ ஒரு நாள் வேலையை விடச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது. வைத்தியம் இலவசம். ஆஸ்பத்திரி இருக்கும் இடம் வரை போய்ச் சேருவது அவர்கள் பாடு. மருந்துப் பொட்டலம் மட்டும் இன்னமும் தபாலில் வருகிறது.